ஹவானாவில் வாங்கினாலும் மலிவில்லை: கியூபச் சுருட்டின் விலையும் சுருட்டுச் சுற்றுலாவும்

கியூபாவிலிருந்து வரும் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனம் 2024இல் 82.7 கோடி டாலருக்கு விற்றது. அதன் வரலாற்றில் அதுவரை காணாத தொகை அது. அதே ஆண்டில் கியூபாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 22 லட்சம் பேர். 2018இல் வந்த 47 லட்சத்தில் இது பாதிகூட இல்லை. அப்படி வந்தவர்களில் சுருட்டுக்காகவே வந்தவர்கள், தலைநகர் ஹவானாவில் உள்ள கடைகளின் காலி அலமாரிகளைப் பற்றியும் கைக்கெட்டாத விலையைப் பற்றியும் புலம்பிக்கொண்டு திரும்புகிறார்கள்.

சுருட்டு இவ்வளவு அமோகமாக விற்கிறது என்றால், அது விளையும் ஊருக்குக் கூட்டம் அலைமோத வேண்டாமா? 2022க்கு முன்பு கேட்டிருந்தால், ஆம் என்று பதில் சொல்லியிருக்கலாம். அந்த ஆண்டு மே மாதத்தில் எடுக்கப்பட்ட ஒரு விலை முடிவு, சுருட்டையும் சுருட்டுச் சுற்றுலாவையும் இணைத்திருந்த கயிற்றை அறுத்துவிட்டது. சுற்றுலா சரிந்ததற்கு அது மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறாகிவிடும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, முதலில் இந்தத் தொழில் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## யார் சுற்றுகிறார்கள், யார் விலை வைக்கிறார்கள்

கியூபாவில் கையால் சுற்றி ஏற்றுமதிக்குச் செல்லும் சுருட்டுக்கு 'ஹபானோ' என்று பெயர். கொய்பா, மான்டெகிரிஸ்டோ, பார்டகாஸ், ரோமியோ இ ஹூலியெட்டா, டிரினிடாட், ஹெச். உப்மன் உட்பட 27 பிராண்டுகள் உண்டு. பெயர்கள் வெவ்வேறு, ஆனால் விற்கும் கை ஒன்றுதான். 1960இல் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கியதிலிருந்து கியூபச் சுருட்டுகளுக்குள் விலைப் போட்டி என்பதே கிடையாது. 1994இல் தொடங்கப்பட்ட ஹபானோஸ் எஸ்.ஏ. நிறுவனம்தான் எல்லா பிராண்டுகளையும் உலகுக்கு விற்கிறது.

அந்த நிறுவனத்தின் சரிபாதி, கியூப அரசின் கியூபடபாகோவுக்குச் சொந்தம். மறுபாதி வெளிநாட்டவர் கையில் இருக்கிறது. முதலில் ஸ்பெயின் நிறுவனத்திடம் இருந்த அந்தப் பங்கு, பிறகு பிரிட்டனின் இம்பீரியல் நிறுவனத்திடம் போனது. 2020இல் இம்பீரியல் தன் உயர்தரச் சுருட்டு வணிகம் முழுவதையும் சுமார் 122.5 கோடி யூரோவுக்கு விற்றபோது, கியூபப் பங்கு ஆசியப் பின்புலம் கொண்ட ஒரு முதலீட்டாளர் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கைமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது இலை. உயர்ந்த சுருட்டுப் புகையிலை, தீவின் மேற்கு முனையில் பினார் டெல் ரியோ மாகாணத்தின் வுவெல்டா அபாஹோ பகுதியில் விளைகிறது. அதிலும் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்டினெஸ் என்ற இரண்டு ஊர்களின் நிலத்துக்குத் தனி மதிப்பு. ஒரு சுருட்டில் மூன்று பகுதிகள் உண்டு: உள்ளே வைக்கும் நிரப்பு இலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே சுற்றும் மேலுறை இலை. மேலுறைக்கான செடியை வெயில் நேரடியாகப் படாமல் மெல்லிய துணிப் பந்தலின் கீழ் வளர்ப்பார்கள். ஒரு சிறு ஓட்டை, ஒரு தடித்த நரம்பு இருந்தாலும் அந்த இலை மேலுறைக்கு ஆகாது. தட்டுப்பாடு வரும்போது முதலில் அருகிப் போவதும் இந்த இலைதான்.

அக்டோபர் வாக்கில் நாற்று விட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை இலை இலையாகக் கிள்ளி அறுவடை செய்வார்கள். மரக் கொட்டகைகளில் கோல்களில் கோத்து வாரக்கணக்கில் உலர்த்துவார்கள். பிறகு குவித்து நொதிக்க வைப்பது, மூட்டையாகக் கட்டி முதிரவிடுவது என்று வேலை நீளும். காரமான நிரப்பு இலை சுருட்டாக மாற இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கொய்பாவின் சில இலைகளுக்கு மூன்றாவது முறை நொதித்தலும் உண்டு. ஆகவே தேவை கூடியதும் உற்பத்தியைக் கூட்டிவிடும் தொழில் இது அல்ல. இன்று கடையில் இருக்கும் பெட்டியின் அளவைத் தீர்மானித்தது சில ஆண்டுகளுக்கு முந்தைய வானிலை.

## சுருட்டுச் சுற்றுலா எதனால் ஓடியது

கியூபாவுக்குச் சுருட்டுக்காகப் போகிறவர்களை ஒரே கூட்டமாக எண்ணிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. அவர்கள் மூன்று வகை.

1. விழாவுக்கு வருபவர்கள். வழக்கமாகப் பிப்ரவரி இறுதியில் நடக்கும் ஹபானோ விழாவுக்கு வரும் வணிகர்கள், செல்வந்தர்கள், சேகரிப்பாளர்கள். எண்ணிக்கையில் குறைவு, செலவில் அதிகம்.

2. பெட்டி வாங்க வருபவர்கள். கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின் போன்ற நாடுகளின் நடுத்தர, மேல் நடுத்தர வருவாய்க்காரர்கள். ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ ஒரு வாரம் ஹவானாவில் தங்கி, தாங்களும் புகைத்து, ஊருக்கும் பெட்டிகளை எடுத்துச் சென்றவர்கள்.

3. வேடிக்கை பார்க்க வருபவர்கள். கடற்கரைக்கோ பழைய ஹவானாவுக்கோ வந்த இடத்தில், வினியாலெஸ் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் பயணம் போய், விவசாயி சுருட்டுச் சுற்றிக் காட்டுவதைப் பார்த்து, நுனியைத் தேனில் தொட்டுப் புகைத்து, நாலைந்து சுருட்டுகளை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்.

சுருட்டுச் சுற்றுலாவின் முதுகெலும்பாக இருந்தது இரண்டாம் வகை. அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். வீடுகளில் நடத்தப்படும் விருந்தினர் இல்லங்களில் தங்கினார்கள். அதே ஓட்டுநரை, அதே உணவகத்தை நாடினார்கள். ஐந்தாம் நிழற்சாலையின் சுருட்டுக் கடையிலும், பழைய நாடாளுமன்றக் கட்டடமான கேபிடோலியோவுக்குப் பின்னால் இருந்த பார்டகாஸ் கடையிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களை இழுத்து வந்தது ஹவானாவின் அழகும் நட்பும்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அடியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பட்டு எடுப்பவர் பஸ் செலவைப் புடவை விலையில் மிச்சம் பிடிப்பது போன்ற கணக்கு.

புகையிலை வரி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் சுருட்டுக்கு எடையின் அடிப்படையில் கனமான வரி. கனடாவில் மத்திய அரசின் வரிக்கு மேல் மாகாண வரியும் ஏறும். கியூபாவில் இந்தச் சுமைகள் இல்லை. எனவே அதே பெட்டி அங்கே வெகுவாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஊர் திரும்பும்போது பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 50 சுருட்டுகள் வரை வரியின்றி எடுத்துவர அனுமதிக்கின்றன. அதாவது 25 சுருட்டுகள் கொண்ட பெட்டியில் இரண்டு.

விளக்கத்துக்காக மட்டும் உத்தேசத் தொகைகளில் ஒரு கணக்கு. ஒரு சுருட்டு லண்டனில் 40 டாலர், ஹவானாவில் 18 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 50 சுருட்டுகளில் 1,100 டாலர் மிச்சம். விமானக் கட்டணமும் தங்கும் செலவில் ஒரு பங்கும் அதில் அடங்கிவிடும். கணவனும் மனைவியுமாக வந்தால் மிச்சம் இரட்டிப்பு. இப்போது ஹவானா விலையை மட்டும் 36 டாலர் ஆக்கிப் பாருங்கள். மிச்சம் 200 டாலராகச் சுருங்குகிறது. பயணத்தின் மகிழ்ச்சி குறையவில்லை; ஆனால் அதற்கான பணத்தை இனிச் சுருட்டு கட்டித் தராது.

## 2022 மே: ஹாங்காங் விலை

அந்த மாதம் ஹபானோஸ் ஒரு முடிவை அறிவித்தது. தன் உச்ச பிராண்டுகளான கொய்பா, டிரினிடாட் இரண்டுக்கும் இனி உலகெங்கும் ஒரே மட்டத்தில் விலை இருக்கும். அதற்கு அளவுகோல் ஹாங்காங் சந்தை என்றது. உலகிலேயே விலை உயர்ந்த சந்தைகளில் ஒன்றுக்கு மற்ற எல்லாச் சந்தைகளையும் தூக்கி நிறுத்துவதுதான் இதன் பொருள். பல நாடுகளில் கொய்பாவின் விலை ஒரே அடியில் இரு மடங்காகியது. சில வகைகள் சில இடங்களில் மூன்று மடங்கைத் தொட்டன.

இந்த இரண்டு பிராண்டுகளுக்கும் ஒரு பின்கதை உண்டு. 1966இல் ஹவானாவின் எல் லகீட்டோ மாளிகையில் தொடங்கிய கொய்பா, முதலில் காஸ்ட்ரோவுக்கும் அவர் அன்பளிப்புக் கொடுத்த வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் மட்டும் சுற்றப்பட்டது. பொதுச் சந்தைக்கு வந்தது 1982இல். டிரினிடாடும் அதுபோல ராஜதந்திர அன்பளிப்பாக இருந்து 1998இல் கடைக்கு வந்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காதது என்ற பெயரோடு பிறந்தவை என்பதால், விலையேற்றத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமான சரக்கு வேறில்லை.

நிறுவனம் ஏன் இப்படிச் செய்தது? பேராசை என்று ஒரு சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. அதைவிடக் கொஞ்சம் நுணுக்கமான காரணம் இருக்கிறது.

1. ஸ்பெயினில் புகையிலைப் பொருள்களின் சில்லறை விலை அரசிதழில் வெளியிடப்படும். நாடெங்கும் உரிமம் பெற்ற கடைகளில் ஒரே விலை. சுருட்டு வரி அங்கே ஐரோப்பாவின் பல நாடுகளைவிடக் குறைவு. ஆகவே ஸ்பெயின் விலைக்கும் ஹாங்காங் விலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தது.

2. அந்தப் பள்ளத்தில் இணைச் சந்தை வளர்ந்தது. இணைச் சந்தை என்றால் போலிச் சரக்கு என்று பொருளல்ல. அசல் சரக்கையே மலிவான நாட்டில் வாங்கி, அதிகாரபூர்வ விநியோகஸ்தரைத் தாண்டி, விலை உயர்ந்த நாட்டில் விற்பது. ஸ்பெயினிலும் சுவிட்சர்லாந்திலும் வாங்கப்பட்ட பெட்டிகள் ஆசியாவுக்குப் பறந்தன.

3. சீனாவின் செல்வந்தர்கள் கொய்பாவைப் புகைப்பதற்காக மட்டும் வாங்கவில்லை. பரிசளிக்கவும், பதுக்கி வைத்து விலையேறிய பின் விற்கவும் வாங்கினார்கள். கொய்பா பெஹிகே போன்ற வகைகள் ஏலங்களில் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போயின. அந்த இலாபத்தில் ஹபானோஸுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை.

4. பள்ளத்தை மூட இரண்டே வழிகள்: உயர்ந்ததைத் தாழ்த்துவது, தாழ்ந்ததை உயர்த்துவது. சரக்கு ஏற்கனவே போதாத நிலையில் எந்த வணிகரும் முதல் வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

வணிகக் கண்ணோட்டத்தில் முடிவு பலித்தது. 2022இல் 54.5 கோடி டாலராக இருந்த விற்பனை 2023இல் 72.1 கோடியாகத் தாவியது. அந்த ஆண்டு ஹபானோஸின் முதன்மைச் சந்தையாக, ஸ்பெயினை முந்தி நின்றது சீனா. மற்ற பிராண்டுகளின் விலையும் பின்னாலேயே படிப்படியாக ஏறியது. கொய்பா அளவுக்கு இல்லை என்றாலும், மான்டெகிரிஸ்டோவும் பார்டகாஸும் புகைத்து வந்த சாதாரண வாடிக்கையாளருக்கு உறைக்கும் அளவுக்கு ஏறியது.

இங்கே கவனிக்க வேண்டியது, விற்பனைத் தொகை கூடுவது வேறு, சுருட்டுகளின் எண்ணிக்கை கூடுவது வேறு என்பது. விலையை இரட்டித்தால், குறைவான பெட்டிகளை விற்றும் சாதனை வருமானம் காட்டலாம். ஆனால் சுற்றுலா எண்ணிக்கையை நம்பி வாழ்வது. கட்டில்கள் நிரம்ப வேண்டும், வண்டிகள் ஓட வேண்டும். ஷாங்காயில் விற்ற ஒரு பெட்டி, ஹவானாவின் ஒரு வாடகை அறையையும் நிரப்பாது.

## சரக்கும் இல்லை

விலை மட்டும் ஏறி, அலமாரி நிறைந்திருந்தால்கூடச் சிலர் வந்திருப்பார்கள். வீட்டில் கிடைக்காதது ஹவானாவில் கிடைக்கிறது என்ற காரணம் எஞ்சியிருக்கும். அதுவும் நடக்கவில்லை.

2022 செப்டம்பர் 27 அன்று இயன் சூறாவளி பினார் டெல் ரியோவில் நேராகக் கரையேறியது. மாகாணத்தின் புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில் பெரும்பாலானவை, ஆயிரக்கணக்கில், தரைமட்டமாயின. செடி போனால் அடுத்த ஆண்டு நடலாம். கொட்டகை போனால் பறித்த இலையை எங்கே உலர்த்துவது? மீண்டும் கட்ட மரம், ஆணி, கூரை, எரிபொருள் எல்லாம் வேண்டும், எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அந்தப் புயலின் காயம் உடனே கடைகளில் தெரிந்திருக்காது. இலை முதிர எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கூட்டிப் பார்த்தால், 2024, 2025 ஆண்டுகளின் பெட்டிகளில்தான் அது முழுமையாகத் தெரிய வேண்டும்.

இதற்கு மேல் உரத் தட்டுப்பாடு; நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. 2024 அக்டோபரில் நாட்டின் மின்கட்டமைப்பே முற்றிலும் சரிந்தது. பிறகு திரும்பத் திரும்பச் சரிந்தது. ஆனால் என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஆட்கள். கியூபாவின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரப்படியே 2021 இறுதிக்கும் 2023 இறுதிக்கும் இடையில் மக்கள்தொகை சுமார் 10 விழுக்காடு குறைந்து ஒரு கோடிக்கு அருகில் வந்துவிட்டது. போனவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். நல்ல சுருட்டுச் சுற்றும் கையை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும்; பெரிய, கடினமான வடிவங்களை எல்லோரிடமும் கொடுக்கவும் மாட்டார்கள். தொழிற்சாலை மேடையில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிக்க, கீழே சுற்றிக்கொண்டே கேட்கும் தொழிலாளர்களின் அந்தப் புகழ்பெற்ற மரபு இன்னும் இருக்கிறது. கேட்பவர்களின் பெஞ்சுகளில்தான் இடைவெளி.

எஞ்சிய குறைந்த சரக்கை எங்கே அனுப்புவது? ஹபானோஸின் இடத்தில் யார் இருந்தாலும் அதிக விலை தரும் சந்தைக்கே அனுப்புவார்கள். ஹவானா கடைசி வரிசைக்குப் போனதில் வியப்பில்லை. அங்குள்ள கடைகளில் கொய்பா வந்தால், ஒருவருக்கு இத்தனை என்று உதிரியாக எண்ணிக் கொடுக்கும் நிலை வந்தது.

## எல்லாப் பழியும் சுருட்டின் மேல் விழலாமா

விழக்கூடாது. பயணிகள் வரத்து பாதியானதற்கு, சுருட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களே முதன்மையானவை.

1. அமெரிக்கப் பயணிகள். 1962 முதல் வணிகத் தடை நீடித்தாலும், ஒபாமா காலத்தில் கதவு கொஞ்சம் திறந்தது. 2015 ஜனவரியில் 100 டாலர் மதிப்புக்குச் சுருட்டும் மதுவும் எடுத்துவரலாம் என்றார்கள். 2016 அக்டோபரில் அந்த வரம்பும் நீங்கியது. அடுத்து வந்த டிரம்ப் அரசு 2019 ஜூனில் உல்லாசக் கப்பல்களைத் தடுத்தது. 2020 செப்டம்பரில் கியூபச் சுருட்டையும் ரம்மையும் எடுத்துவருவதையே தடைசெய்தது. சில ஆண்டுகள் செழித்த ஒரு தனிச் சந்தை அத்தோடு முடிந்தது.

2. ஐரோப்பியப் பயணிகள். இது அதிகம் பேசப்படாத அடி. 2021 ஜனவரியில் அமெரிக்கா கியூபாவைப் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. அதன் விளைவாக, அந்தத் தேதிக்குப் பிறகு கியூபா சென்ற ஐரோப்பியர்கள் விசா இல்லாமல் இணையவழி அனுமதியுடன் அமெரிக்கா செல்லும் சலுகையை இழக்கிறார்கள். தூதரகத்தில் நேர்காணலுக்கு நின்று விசா வாங்க வேண்டும். ஒரு வாரச் சுருட்டுப் பயணத்துக்காக இந்தத் தொல்லையை விலைக்கு வாங்க, அடிக்கடி அமெரிக்கா போகும் வணிகர் யாரும் விரும்ப மாட்டார்.

3. வசதிகள். மின்வெட்டு, எரிபொருள் இல்லாத டாக்ஸி, உணவுத் தட்டுப்பாடு. அண்டை நாடான டொமினிகன் குடியரசு இதே காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட பயணிகளை வரவேற்றது என்பதால், கரீபியன் பயணமே சலித்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்படியானால் சுருட்டு விலையின் பங்கு என்ன? மேலே சொன்ன தொல்லைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு வரக்கூடிய ஒரே கூட்டத்தை அது கலைத்தது. கடற்கரைக்காக வருபவர் மின்சாரம் இல்லையென்றால் டொமினிகன் கடற்கரை ஊரான புன்டா கானாவுக்குப் போய்விடுவார். பெட்டிக்காக வருபவரோ இருட்டில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டும் வந்திருப்பார். வேறெங்கும் கிடைக்காத காரணம் ஒன்று அவருக்கு இருந்தது. காரணத்தை எடுத்த பிறகு அவரும் மற்ற பயணிகளைப் போல யோசிக்கத் தொடங்கினார். எண்ணிக்கையில் இவர்கள் சிறுபான்மை. ஆனால் நெருக்கடி ஆண்டுகளில் ஒரு நாட்டுக்கு வேண்டியது இத்தகைய பிடிவாதக்காரப் பயணிகள்தான்.

நாணயக் குழப்பம் இதை இன்னும் விசித்திரமாக்கியது. 2021 ஜனவரியில் கியூபா தன் இரட்டை நாணய முறையைக் கைவிட்டது. பெசோவின் வெளிச்சந்தை மதிப்பு சரிந்து 2024இல் ஒரு டாலருக்கு 300 பெசோவைத் தாண்டியது. அப்போதைய அரசு விகிதமோ 120. டாலரோடு வருபவருக்குத் தனியார் உணவகமும் டாக்ஸியும் தாங்கக்கூடிய விலைதான். சுருட்டுக் கடை மட்டும் வெளிநாட்டு நாணயக் கணக்கில், அட்டை வழியாக, உலக விலையை ஒட்டி விற்கிறது. ஹவானாவில் ஹவானா விலைக்குக் கிடைக்காத பொருளாக ஹவானாச் சுருட்டு ஆகிவிட்டது. உள்ளூர்வாசிகள் பெட்டிச் சுருட்டைப் பெரும்பாலும் புகைப்பதில்லை. அவர்களுக்குப் பெசோவில் விற்கும், பெரும் பெயரில்லாத உள்நாட்டுச் சுருட்டு தனி.

## பணம் எங்கே போய்ச் சேர்கிறது

முதல் வகைப் பயணிக்கு விலையேற்றம் ஒரு தடையே அல்ல. ஹபானோ விழாவின் இறுதி இரவில் அலங்காரச் சுருட்டுப் பேழைகள் ஏலம் விடப்படும். தொகை கியூபாவின் பொது மருத்துவத் துறைக்குப் போகும். 2023இல் ஏலத்தொகை மொத்தம் 1.1 கோடி யூரோவைத் தாண்டியது. மறு ஆண்டு, 24ஆவது விழாவில், ஏறத்தாழ 1.8 கோடி யூரோ. இரண்டு ஆண்டுகளிலும் ஒரு கொய்பா பேழை மட்டும் 40 லட்சம் யூரோ அளவுக்குப் போனது. ஐந்து நாளில் ஊர் திரும்பும் இந்த விருந்தினர்கள் பெரிய ஹோட்டல்களில் தங்குகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அரசு, இராணுவத் தொழிற்குழுமங்களின் சொத்து. சந்து வீட்டில் இரண்டு அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கோடிகளால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாம் வகைப் பயணிக்கும் பெரிய மாற்றமில்லை. சொல்லப்போனால் அந்தப் பக்கம் சற்று வளரவும் கூடும். விவசாயி தன் விளைச்சலில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அரசுக்கு, அரசு வைத்த விலைக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சியதைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வினியாலெஸில் பயணிகள் வாங்கும், பிராண்டுப் பட்டை ஒட்டாத சுருட்டு அதிலிருந்து வருகிறது. கொய்பாவின் நுணுக்கம் அதில் இல்லை. ஆனால் சில டாலருக்குக் கிடைக்கிறது. பணமும் நேராக விளைவித்தவர் கைக்குப் போகிறது. பழைய ஹவானாவின் சில கடைகளில் சுற்றுபவர் கண்ணெதிரே சுற்றிக் கொடுக்கும் பிராண்ட் பெயரற்ற சுருட்டுக்கும் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கிளை போலிச் சரக்கு. தெருவில் ஒருவர் நெருங்கி, 'இன்று மட்டும் தொழிலாளர் கூட்டுறவில் பாதி விலை' என்று அழைத்துப் போவது ஹவானாவின் பழைய நாடகம். அப்படியொரு கூட்டுறவு விற்பனை நாள் கிடையாது. அசல் விலை ஏற ஏற இந்த நாடகத்துக்குப் பார்வையாளர் கூடுகிறார்கள்: 500 டாலர் பெட்டி 100 டாலர் என்றால் சந்தேகிப்பவர்கூட, 2,000 டாலர் பெட்டி 200 டாலர் என்றதும் தடுமாறுகிறார். கண்ணாடி மூடி போட்ட கொய்பா பெட்டியைக் காட்டினால் யோசிக்கவே வேண்டாம். கொய்பா அப்படி வருவதில்லை. கியூப விமான நிலையத்தில் 20 உதிரிச் சுருட்டு வரை ரசீது கேட்பதில்லை. 50 வரை என்றால் அசல் முத்திரையோடு மூடிய பெட்டியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் அரசுக் கடை ரசீது தேவை. இந்தியாவுக்கு வருபவர்கள் ஊர் வந்து இறங்கும்போது சுங்கச் சலுகை 25 சுருட்டுகளுக்குத்தான் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். அமெரிக்க விமான நிலையம் வழியாக மாறி வருபவரிடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பெட்டிக்கார இரண்டாம் வகை எங்கே போகிறது என்பதற்கும் விடை கிடைத்துவருகிறது. 1960க்குப் பிறகு கியூபாவை விட்டு வெளியேறிய குடும்பங்கள் விதையையும் தொழில்நுட்பத்தையும் டொமினிகன் குடியரசு, நிகரகுவா, ஹோண்டுராஸ் நாடுகளுக்குக் கொண்டு சென்றன. கியூபாவில் தயாரித்துவந்த சுவிஸ் பிராண்டான டேவிடாஃப்கூட 1990களின் தொடக்கத்தில் டொமினிகன் குடியரசுக்கு மாறிவிட்டது. இன்று டொமினிகன் நகரமான சாந்தியாகோவைச் சுற்றி நடக்கும் புரோசிகார் விழாவும், நிகரகுவாவின் எஸ்தெலியைச் சுற்றி நடக்கும் பூரோ சபோர் விழாவும் வயல், தொழிற்சாலை, சுவைப்பு, விருந்து என முழுச் சுருட்டுப் பயணத்தையும் ஏற்பாடு செய்கின்றன. டொமினிகன் குடியரசின் லா ரோமானாவில் உலகின் மிகப் பெரிய கைச்சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒன்று, சொகுசு விடுதிக்குப் பக்கத்திலேயே பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அமெரிக்கர்கள் வாங்கியதைத் தடையின்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கியூபச் சுருட்டுக்கு ஈடு இல்லை என்று வாதிடும் பழைய ரசிகர்கள் உண்டு. அவர்களே, கொய்பா ஒன்றின் விலைக்கு நல்ல நிகரகுவாச் சுருட்டு ஐந்து வரும்போது, வாதத்தைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் நடத்துகிறார்கள்.

## மாற்ற முடியுமா

ஒரு வழி இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. கடவுச்சீட்டைக் காட்டும் பயணிக்கு, ஒரு வருகைக்கு 50 சுருட்டு என்ற வரம்போடு, கியூபாவில் மட்டும் தனி விலை வைக்கலாம். இணைச் சந்தை பற்றிய அச்சம் இதில் பெரிதல்ல; ஐம்பது ஐம்பதாகக் கடத்தி ஆசியச் சந்தையை யாரும் கவிழ்த்துவிட முடியாது. கொய்பாவையும் டிரினிடாடையும் விட்டுவிட்டு நடுத்தர பிராண்டுகளுக்கு மட்டும் செய்தாலும் போதும். திரும்பத் திரும்ப வந்த கூட்டம் பெரும்பாலும் அவற்றைத்தான் வாங்கியது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. அந்தத் தள்ளுபடியால் குறையும் வருமானத்தில் பாதி, வெளிநாட்டுப் பங்காளியின் பையிலிருந்து போகும். அதனால் கூடும் சுற்றுலா வருமானமோ ஹோட்டல்களுக்கும் விருந்தினர் இல்லங்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் போகும். அதில் பங்காளிக்கு ஒரு காசும் வராது. கியூப அரசு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்நியச் செலாவணிக்கு அன்றாடம் தவிக்கும் அரசு, பல ஆயிரம் பயணிகள் பிறகு கொண்டு வரக்கூடிய டாலரைவிட, ஷாங்காய்க் கொள்முதல்காரர் இன்றைக்குக் கட்டும் டாலரையே எண்ணிக்கொள்ளும். கடைகளில் வைப்பதற்குச் சரக்கு தேறினால்தான் இந்த விவாதமே தொடங்கும். அதற்குப் பினார் டெல் ரியோவில் கொட்டகைகள் எழ வேண்டும், இரண்டு மூன்று அறுவடைகள் தொடர்ச்சியாக நன்றாக வர வேண்டும், வந்த இலையைச் சுற்ற ஆட்கள் தீவில் தங்க வேண்டும்.